இல்லை என்பதற்குச் சான்று

உள்ளதை உள்ளது என்று அறியக் கண்ணும் காதும் போதும். இல்லாததை இல்லை என்று அறிவதற்குக் கருவி எது என்னும் கேள்வியோ, பாரத தேசத்துத் தர்க்க சாஸ்திரிகளை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தூங்கவிடாத கேள்வியாகும். தரையில் குடம் இல்லை என்று ஒருவன் சொல்லுகிறான்; அவன் கண்டது தரையை மட்டுமே; குடத்தின் இன்மையை எதனால் அறிந்தான்? குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர், காணாமையே ஒரு தனிப் பிரமாணம், அதாவது அறிவைத் தரும் தனிக் கருவி, என்று கொண்டு அதற்கு அநுபலப்தி என்று பெயரிட்டனர். பிற்கால அத்வைதிகளும் அதனை ஒப்பினர். நையாயிகரோ, இன்மையும் உலகில் உள்ள பதார்த்தங்களில் ஒன்றே, அது பிரத்தியட்சத்துக்கே புலனாகும் என்றனர். வெறுந்தரைக்கு மேலாக இன்மை என்று வேறொரு பொருளே இல்லை என்றனர் பிரபாகரரைச் சார்ந்தவர்கள். தர்மகீர்த்தி முதலிய பௌத்த ஆசாரியர்கள் காணாமையை அனுமானத்தின்பாற் சேர்த்தனர். தமிழுலகமும் இவ்வாதத்துக்கு அயலானதன்று. மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் வைதிகவாதி எண்ணும் அளவைகளுள், அதாவது பிரமாணங்களுள், இன்மையைக் குறிக்கும் அபாவமும் ஒன்றாக நிற்கிறது. சிவஞான சித்தியாரின் அளவை இயலில் அருணந்தி சிவாசாரியாரும் அபாவத்தை எடுத்தெண்ணி, பின்னர் அளவைகள் யாவற்றையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறார்.

இவ்விவாதம் ஏட்டுச் சுவடிகளோடு முடிந்துபோன பழங்கதை என்று எண்ணுபவர், மின்கம்பி வடிப்பான்களைப் பரீட்சிக்கும் ஒரு சோதனைச் சாலைக்குள் அரைநாள் இருந்து பார்த்தால் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள் என்பது என் துணிபு. அங்கே உழைக்கும் பொறியாளர் குமாரிலரின் பெயரையே கேள்விப்பட்டிராதவராக இருக்கலாம். ஆயினும் காலை முதல் மாலை வரை அவர் செய்வது, ஒன்று இல்லை என்பதை நிரூபிக்கும் தொழிலேயாகும்.

வடிப்பான் என்பது யாது? நம் வீட்டுச் சுவரிலுள்ள துளைக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுள்ளது. விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அதை உண்டு வாழும் யந்திரங்களிற் பல அதனை அமைதியாக உண்பதில்லை. கணிப்பொறியின் மின்வழங்கி விநாடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தைத் திறந்தும் மூடியும் வேலை செய்வது. தையல் யந்திரத்தின் மோட்டாரில் கரித்தூரிகை உராயுமிடத்தில் ஓயாமல் தீப்பொறி எழும். இவற்றால் பிறக்கும் வேகமான அலைவுகள் வந்த கம்பி வழியாகவே வெளியே சென்று, அக்கம் பக்கத்துக் கருவிகளின் செவியில் இரைச்சலாக விழுகின்றன. வானொலி ஒலிபரப்பு வளர்ந்த காலத்தில் இத்தொல்லையும் உடன் வளர்ந்தமையால், 1933 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கூடிய அறிஞர்களின் முயற்சியால் சிஸ்பர் என்னும் சர்வதேசக் குழு தோன்றியது. கம்பி வழிச் செல்லும் இரைச்சலை 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்து வரம்பு கட்டும் முறை அக்குழுவின் விதிகளால் நிலைபெற்றது. அந்த வரம்புக்குள் யந்திரத்தை நிறுத்துவதற்காக அதன் வாயிலில் வைக்கப்படும் சிறிய உலோகப் பெட்டியே வடிப்பான்.

அதன் உள்ளமைப்பு என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்துவது. ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான ஒரே வளையத்தின்மீது, போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் இரு சுருள்களாகச் சுற்றப்பட்டிருக்கும். யந்திரத்துக்கு உணவாகும் மின்சாரம் ஒன்றில் சென்று மற்றொன்றில் மீள்வதால், அவ்விரண்டும் உண்டாக்கும் காந்தவிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, வளையம் தன்வழியே மின்சாரம் செல்வதையே அறியாததுபோல் இருக்கும். இரு கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடிவரும் இரைச்சலுக்கோ அவ்விசைகள் கூடிப் பெருந்தடையாக எழும். அதையும் மீறி வருவதைப் பூமிக்கம்பிக்குத் திருப்பிவிடச் சிறு மின்தேக்கிகள் உள்ளன. அவற்றைப் பெரிதாக்கினால் பூமிக்குக் கசியும் மின்சாரம் மனித உடலுக்கே ஆபத்தாகுமாதலால், நோயாளியைத் தொடும் கருவிகளுக்கான சில வடிப்பான்களில் அவற்றை அறவே நீக்கிவிடுவதும் உண்டு.

இனிப் பரீட்சைக்கு வருவோம். ஒருபுறம் அலைவை உண்டாக்கும் கருவி. மறுபுறம் அதனை ஏற்று அளக்கும் கருவி. இரண்டும் 50 ஓம் மின்மறுப்பு உடையவை. முதலில் இரண்டையும் நேரே இணைத்து அளவைக் குறித்துக்கொண்டு, பின்னர் இடையே வடிப்பானைச் செருகி மறுபடியும் குறிக்கிறார்கள். முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள விகிதமே செருகு இழப்பு. அதனை டெசிபெல் என்னும் அலகால் கூறுவர். 20 டெசிபெல் என்றால் அழுத்தம் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. 60 என்றால் ஆயிரத்தில் ஒன்று. 100 என்றால் லட்சத்தில் ஒன்று. ஒன்று இருக்கையில் என்ன, இல்லாதிருக்கையில் என்ன என்று இரண்டையும் ஒப்பிட்டு உண்மை காணும் அன்வய வியதிரேக முறையை இதைவிடத் தூய வடிவில் காண்பது அரிது.

ஆனால் இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. ஒரு வோல்ட் அனுப்பினோம். வடிப்பானுக்கு அப்பால் ஏதும் புலப்படவில்லை. இரைச்சல் இல்லை என்று எழுதிவிடலாமா? குமாரிலரின் வழிவந்த பாட்ட மீமாம்சகர் தம் அநுபலப்திக்கு இட்ட ஒரு நிபந்தனை இவ்விடத்தில் வந்து நிற்கிறது. வெறும் காணாமை பிரமாணமாகாது; இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று சொல்லத்தக்க நிலையில் காணாமையே பிரமாணம்; அதுவே யோக்கியாநுபலப்தி. இருட்டறையில் குடம் காணப்படாமையால் குடம் இல்லையென்று ஆகிவிடாது. விளக்கேற்றிய அறையில், கண் நலமாயுள்ளவன், நோக்கியும் காணாதிருந்தால்தான் இல்லையென்பது அறிவாகும். காணாமை தனிப் பிரமாணமா, காட்சியில் அடங்குமா, அனுமானத்தில் அடங்குமா என்ற நெடிய வழக்கைக் காட்டிலும், இந்த ஒரு நிபந்தனையே அப்பரம்பரை நமக்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் என்று நான் கருதுகிறேன்.

நல்ல பொறியாளர் இந்நிபந்தனையைக் கையால் நிறைவேற்றுகிறார். வடிப்பானை எடுத்துவிட்டு, 60 டெசிபெல் குறைக்கும் என்று முன்னரே நிலைநாட்டப்பட்ட தணிப்பானை வைத்து, கருவி 60 என்றே சொல்லுகிறதா என்று பார்க்கிறார். பின்னர், வடிப்பானிருந்த இடத்தை உலோகத் தகட்டால் அடைத்து, வழியே இல்லாதபோதும் எவ்வளவு வந்து சேருகிறது என்று பார்க்கிறார். மேசையின் உலோகப் பரப்பின் வழியாகவும் கம்பிக்குக் கம்பி காற்றின் வழியாகவும் கசிவு வரும். அக்கசிவு 90 டெசிபெல் அளவிலேயே நின்றுவிடுமானால், அந்த மேசையில் எந்த வடிப்பானுக்கும் 100 டெசிபெல் என்று எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. கடைசியில், ஏற்கும் கருவியின் வாயை 50 ஓம் தடையால் மூடி, வெளியிலிருந்து ஏதும் வராதபோது அது தானே என்ன முணுமுணுக்கிறது என்று கேட்கிறார்.

முணுமுணுக்காத கருவி இல்லை. 1928 ஆம் ஆண்டில் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஜான்சன் அளந்து காட்டி, நைக்விஸ்ட் கணிதத்தால் விளக்கியபடி, வெப்பமுள்ள எந்தத் தடையிலும் மின்னணுக்களின் ஓயாத அசைவால் ஓர் இரைச்சல் உண்டு. சாதாரண அறை வெப்பத்தில் 50 ஓம் தடையொன்றில், இவ்வளவைகளுக்கு விதிக்கப்பட்ட 9 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், அது சுமார் 0.08 மைக்ரோவோல்ட். ஆதலின் சோதனைச் சாலையில் ‘அறவே இல்லை’ என்ற தீர்ப்புக்கு இடமே கிடையாது. ‘இவ்வளவுக்குக் குறைவு’ என்ற தீர்ப்புக்கே இடமுண்டு. நையாயிகர் கூறும் அத்தியந்தாபாவத்தை, அதாவது முக்காலத்தும் இன்மையை, எந்தக் கருவியாலும் எட்ட முடியாது என்பதை, கருவியின் உடம்பே நமக்கு உணர்த்திவிடுகிறது.

ஈசுவர கிருஷ்ணர் தம் சாங்கிய காரிகையில், உள்ள பொருளே காணப்படாமற் போவதற்கு எட்டுக் காரணங்கள் காட்டுகிறார்: மிகுந்த தூரம், மிகுந்த அண்மை, புலனின் பழுது, மனம் நிலைகொள்ளாமை, பொருளின் நுண்மை, இடையில் மறைப்பு, வலியதால் அமுக்கப்படுதல், ஒத்தவற்றோடு கலந்துவிடுதல். உலகுக்கு மூலமான மூலப்பிரகிருதி காணப்படாமைக்குக் காரணம் அதன் இன்மையன்று, நுண்மையே என்று நிறுவுவதற்காக அவர் வகுத்த பட்டியல் இது. ஆனால் வடிப்பான் சோதனைக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. வலுத்த அலையொன்று உள்ளே புகுந்தால் ஏற்கும் கருவி திணறி, அருகிலுள்ள மெல்லியதைச் சொல்லாமல் விட்டுவிடும். பகலில் விண்மீன் மறைவதற்குச் சாங்கியர் காட்டும் காரணமே இதற்கும் காரணம். இதனைக் கண்டுபிடிக்க, கருவியின் முன்னே 10 டெசிபெல் தணிப்பானைச் செருகி, அளவு சரியாகப் பத்துக் குறைகிறதா என்று பார்ப்பார்கள்; குறையாவிட்டாலோ மிகுதியாகக் குறைந்தாலோ அதன் வாக்குமூலம் செல்லாது. வெளியே ஒலிபரப்பாகும் வானொலி நிலையங்களின் அலைகள் கம்பியில் ஏறிச் சோதனை அலையோடு கலந்துவிடும். அதற்காகவே உலோகச் சுவர்களால் மூடிய அறை வேண்டியிருக்கிறது. விட்டுவிட்டு எழும் இரைச்சலின்மீது கருவி அவசரமாக ஓடினால், மனம் நிலைகொள்ளாதவன் எதிரே நின்றவனைக் காணாததுபோல் அதைத் தாண்டிச் சென்றுவிடும். எல்லாவற்றிலும் கொடியது புலனின் பழுது. அளக்கும் கருவிக்குச் செல்லும் கம்பி உள்ளே அறுந்திருந்தால், எந்த வடிப்பானும் பரிபூரணமான வடிப்பானாகவே தோன்றும். மிகச் சிறந்த முடிவும் மிகக் கெட்ட சோதனையும் ஒரே முகத்தோடு வந்து நிற்கும்.

இதுவரை கூறியது காண்பவனின் தகுதி. காணப்படும் இடத்தின் தகுதியும் உண்டு. இன்மை என்பது எங்கும் தனியே மிதப்பதில்லை; ‘இதில், இது இல்லை’ என்றே அது அறியப்படுகிறது; இன்மைக்கு இடமான ஆதாரமும், எதன் இன்மையோ அந்தப் பிரதியோகியும் சொல்லப்படாவிட்டால் அவ்வாக்கியத்துக்குப் பொருளே இல்லை என்பது நியாய சாஸ்திரத்தின் உறுதியான கொள்கை. ஒரு வடிப்பான் 60 டெசிபெல் தடுக்கும் என்று அட்டவணையில் அச்சிடும்போது, தடுக்கும் சக்தி அப்பெட்டிக்குள்ளேயே குடியிருப்பதுபோல் ஒரு பிரமை உண்டாகிறது. உண்மையில் அந்த எண் பெட்டிக்கு மட்டும் உரியதன்று. இருபுறமும் 50 ஓம் நின்றபோது மூன்றுக்கும் சேர்ந்து உண்டான எண் அது. தெருவிலிருந்து வரும் மின்கம்பியின் மின்மறுப்போ இடத்துக்கு இடம், வேளைக்கு வேளை, அடுத்த வீட்டில் எது ஓடுகிறது என்பதற்கேற்ப மாறுவது. இதனை உணர்ந்தே, சிஸ்பர் குழுவின் 17 ஆம் எண் தரநிர்ணயம், ஒருபுறம் 0.1 ஓமும் மறுபுறம் 100 ஓமும் வைத்து ஒருமுறையும், அவற்றை இடம் மாற்றி மறுமுறையும் அளக்கும் வழியைக் கூறுகிறது. அப்படி அளக்கும்போது, 50 ஓம் உலகில் உத்தமனாக இருந்த வடிப்பான், சில அதிர்வெண்களில் உள்ளிருக்கும் சுருளும் மின்தேக்கியும் ஒத்திசைந்து, வந்த இரைச்சலைத் தடுப்பதற்கு மாறாகப் பெருக்கி அனுப்புவதும் உண்டு. அதன்றியும், யந்திரத்தின் முழுச் சுமைக்குரிய மின்சாரம் ஓடும்போது காந்தப்பொருள் தெவிட்டிச் சுருளின் தடுக்கும் ஆற்றல் குன்றிப்போவதும் உண்டு. ஆகையால்தான் அமெரிக்க ராணுவத்தின் 220 ஆம் எண் தரநிர்ணயம், வடிப்பானின் வழியே சுமை மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டே அளப்பதற்கும் வகைசெய்கிறது. பிரதியோகியின் கதையும் இவ்வாறே: இரு கம்பிகளிலும் ஒரே திசையில் செல்லும் இரைச்சலைத் தடுத்தது, ஒன்றில் சென்று மற்றொன்றில் திரும்பும் இரைச்சலையும் தடுத்ததாகாது. 50 ஓம் வளைகோடு ஒன்றை மட்டும் அச்சிட்டு விற்கும் வழக்கத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஆதாரம் கூறாத இன்மை என்று சொல்லுவேன்.

இனி, இவ்வளவு தூரம் எதற்காக வந்தேனோ அதனைச் சொல்லவேண்டும். சமய வாழ்வில் மிகுதியாகக் கூறப்படும் வாக்கியங்களும் இன்மை வாக்கியங்களே. ‘எனக்கு ஆசை அற்றது’, ‘கோபம் போயிற்று’, ‘மனம் ஓய்ந்தது’ என்பார்கள். காடு சென்று பன்னீராண்டு தனித்திருந்தவன் ஒருவன், தன் உள்ளத்தில் காமத்தைக் காணவில்லை என்று சொன்னால், அவன் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவனுடைய காணாமை யோக்கியமான காணாமையா? இருந்திருந்தால் எழுந்திருக்கும் என்று சொல்லத்தக்க சந்தர்ப்பம் ஒன்று அக்காட்டில் இருந்ததா? அலையே அனுப்பாமல், வடிப்பானுக்கு அப்பால் அமைதியாக இருக்கிறது என்று எழுதிய பரீட்சைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டா?

பதஞ்சலி முனிவர் இதனை நன்கு அறிந்தவர். அவர் தம் யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில், அவித்தையை விளைநிலமாகக் கொண்ட மற்றக் கிலேசங்களுக்கு, அதாவது மன மாசுகளுக்கு, நான்கு நிலைகள் கூறுகிறார்: உறங்கியிருத்தல், மெலிந்திருத்தல், இடையறுந்திருத்தல், முழுவதும் எழுந்து நடமாடுதல். நான்கனுள் மூன்று, மேலோட்டமாகப் பார்ப்பவனுக்கு இன்மையாகவே தோன்றும் என்பதைக் கவனிக்கவேண்டும். அச்சூத்திரத்துக்கு வியாச பாஷ்யம் கூறும் விளக்கமோ என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. உறங்கும் கிலேசம், தனக்குரிய விஷயம் எதிர்ப்பட்டபோது விழித்தெழும்; ஞானத்தால் எரிந்துபோனதோ, விஷயம் முன்னே வந்து நின்றபோதும் எழுவதில்லை என்கிறது பாஷ்யம். உறக்கத்தையும் அழிவையும் பிரித்துக் காட்டுவது அமைதியன்று, எதிர்ப்பாடு. இரைச்சலை உள்ளே செலுத்தியல்லாமல் வடிப்பானைச் சோதிக்க முடியாது என்பதை அவ்வாசிரியர் தம் துறையில் அத்தனை தெளிவாகக் கண்டிருக்கிறார். வடிப்பானும் இரைச்சலை அழிப்பது சிறுபான்மையே. ஃபெரைட்டில் ஒரு பகுதி வெப்பமாகிக் கழிகிறது. மற்றது வந்த வழியே திருப்பி அனுப்பப்படுகிறது, அல்லது பூமிக்கு ஒதுக்கப்படுகிறது. இப்புறம் இல்லாமை, எங்குமில்லாமை ஆகாது. அடக்கியவன் அழித்தவனாகிவிட்டதாக நினைப்பதே தவத்தின் பெரிய அபாயம்.

இவ்வளவும் ஆஸ்திகனுக்குச் சொன்னது. நாஸ்திகனுக்கும் இதே நியாயம் உண்டு. ‘கடவுளைத் தேடினேன், காணவில்லை, ஆகவே இல்லை’ என்பவனிடம், உதயனாசாரியர் தம் நியாய குஸுமாஞ்சலியின் மூன்றாம் பகுதியில் கேட்கும் கேள்வி, கண்ணுக்குப் புலனாகத் தக்கதல்லாத ஒன்றைக் கண் காணாமற்போனது எதற்குச் சான்று என்பதே. காணாமை மட்டுமே இன்மைக்குப் போதுமென்றால், வீட்டை விட்டு வெளியே வந்த சார்வாகன் என்னும் நாஸ்திகன், மனைவி மக்களைக் காணாமையால் அவர்களும் இல்லையென்று கொண்டு வீடு திரும்பாதிருக்கவேண்டும் என்கிறார். ஆனால் இதனைக் கொண்டு கடவுள் உண்டென்று நிலைநாட்டிவிட்டதாக மகிழ்பவர்கள் உதயனரைச் சரியாகப் படிக்கவில்லை. தடையொன்றை நீக்குவது வேறு, சித்தாந்தத்தை நிறுவுவது வேறு என்பதை அவர் நன்கறிவார். நிறுவுதற்கான அனுமானங்களை ஐந்தாம் பகுதியில் தனியே வைக்கிறார். கருவி எட்டாத இடத்தைப்பற்றி நேர்மையாகச் சொல்லத்தக்கது, ‘எட்டவில்லை’ என்பதொன்றே. அங்கே ‘உண்டு’ என்று எழுதுவதும் ‘இல்லை’ என்று எழுதுவதும் சமமான குற்றமாகும்.

ஒரு கடினமான பகுதி எஞ்சியிருக்கிறது. சோதனை மேசையில் அலையை அனுப்பும் கருவி வேறு, தடுக்கும் வடிப்பான் வேறு, அளக்கும் கருவி வேறு. உள்ளத்தை ஆராயும்போதோ, ஆசையைப் பிறப்பிப்பதும் மனம், அடக்குவதும் மனம், அடங்கிவிட்டதா என்று பார்த்துச் சொல்லுவதும் அதே மனம். அதன் முணுமுணுப்பை அறிய அதன் வாயை மூடிக் காட்டக்கூடிய 50 ஓம் தடை எங்கே கிடைக்கும்? அத்வைதி இதற்கு, மனத்தையும் விளக்கி நிற்கும் சாட்சி ஒன்றுண்டு, அது கருவியன்று, ஆதலால் அதற்குக் கருவியின் குற்றங்கள் இல்லை என்று விடையிறுப்பார். அவ்விடையை நான் மறுக்கத் துணியேன். ஆயினும் சாட்சி கண்டதை வாயால் எடுத்துச் சொல்லுவது மறுபடியும் மனமே ஆகையால், சொல்லப்பட்ட வாக்கியம் பழைய சந்தேகத்துக்கே வந்து சேருகிறது. இக்காரணத்தாலேயே மாணாக்கன் தன் நிலையைத் தானே தீர்மானிக்காமல் ஆசானிடம் விடவேண்டும் என்று நம் மரபுகள் வற்புறுத்தின என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஆசான் முன்னிலையில் மாணாக்கன் கைகட்டி நிற்கும் அந்த ஒரு நாழிகையும் 50 ஓம் நாழிகையே; எல்லாம் பொருந்தியிருக்கும் வேளை அது. ஒருவனுக்குக் கோபம் போயிற்றா என்று அறியவேண்டுமானால், விடியற்காலை முதல் அவனுக்கு அடங்கி வேலை செய்யும் வேலைக்காரனையும், வீட்டில் அரிசி தீர்ந்ததை அவனிடம் சொல்லவேண்டிய மனைவியையும், சுமை முழுவதும் அவன்மேல் இருந்த நாளில் அவனிடம் பேச நேர்ந்தவர்களையும் அழைத்துக் கேட்கவேண்டும். எந்த மடத்திலும் அவர்களை அழைத்து இப்படிக் கேட்டதாக நான் படித்ததில்லை.